எல்பே ஆற்றோடு ஐந்து நாள்: குறைந்த செலவில் ஹாம்பர்க்

முதல் நாள், வியாழன்

மாக்டபுர்க்கில் என் மாணவர் விடுதியிலிருந்து எல்பே ஆறு பத்து நிமிட நடை. இரண்டு வருடமாக அதன் கரையில்தான் மாலையில் நடக்கிறேன். அங்கே அது சத்தமில்லாத ஆறு, எப்போதாவது ஒரு சரக்குப் படகு போகும். இதே ஆறு வடமேற்கே போய் ஜெர்மனியின் மிகப் பெரிய துறைமுகமாக நிற்கிறது. நான் தூத்துக்குடிக்காரி. அப்பா துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் வேலையில் முப்பது வருடம் இருந்தவர். ஹாம்பர்க்கைப் பார்க்காமல் படிப்பை முடித்தால் அவரே கேட்பார்.

ஐந்து நாளுக்கு 200 யூரோ எடுத்து வைத்தேன். பயணம் இதில் சேராது, ஏனென்றால் என்னிடம் டாய்ச்லாண்ட் டிக்கெட் இருக்கிறது. மாதம் 58 யூரோ (இது 2025 கணக்கு). விரைவு ரயில்களில் செல்லாது, ஆனால் நாடு முழுவதும் வட்டார ரயில், பஸ், டிராம் எல்லாவற்றிலும் ஏறலாம். ஹாம்பர்க்கில் இதை வைத்துப் படகிலும் ஏறலாம் என்பதுதான் இந்தப் பயணத்தின் அச்சாணி. நாளைக்கு அதைச் சொல்கிறேன்.

மாக்டபுர்க்கிலிருந்து யூல்ட்சன் வரை ஒரு ரயில், அங்கிருந்து ஹாம்பர்க்குக்கு இன்னொன்று. யூல்ட்சன் சின்ன ஊர்தான். ஆனால் ரயில் மாறும் நேரத்தில் நடைமேடையிலேயே உட்கார்ந்துவிடாதீர்கள். ஓவியர் ஹுண்டர்ட்வாசரின் வடிவமைப்பில் மாற்றிக் கட்டிய நிலையம் அது. வண்ண ஓடு பதித்த பருத்த தூண்கள், ஒன்றுபோல் இன்னொன்று இல்லாத ஜன்னல்கள், கூரைமேல் தங்க உருண்டைகள். கழிவறைச் சுவரைக்கூடப் பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறார்கள். அடுத்த ரயிலையும் விட்டுவிட்டு இன்னும் ஒரு மணி நேரம் சுற்றினேன்.

ஹாம்பர்க்கில் எட்டுப் படுக்கை உள்ள அறையில் ஒரு கட்டில், இரவுக்கு 31 யூரோ. சமையலறை உண்டு என்று பார்த்துத்தான் பதிவு செய்தேன். வந்து பார்த்தால் பழுதுபார்ப்பு என்று பூட்டியிருந்தது. முன்கூட்டி ஒரு வரி எழுதியிருக்கலாம். ரசப்பொடியும் ஒரு கிலோ அரிசியும் கொண்டுவந்தவளுக்கு அது சின்ன விஷயம் இல்லை. சாப்பாட்டுக் கணக்கு முழுவதையும் மறுபடி போட வேண்டியதாயிற்று. பக்கத்தில் ஷ்டைன்டாம் தெருவில் துருக்கி, ஆப்கான் கடைகள் வரிசையாக இருக்கின்றன. ரொட்டி, ஆலிவ், தக்காளி, பருப்புச் சூப் என்று வயிறு நிறைய 6 யூரோவில் முடிந்தது.

இரவு ஒன்பது மணிக்கு மிகெல் தேவாலயத்துக்கு அடியில் போய் நின்றேன். செயின்ட் மைக்கேல் தேவாலயத்தை ஊரார் கூப்பிடும் பெயர் அது. கோபுரம் 132 மீட்டர். வார நாட்களில் காலை பத்துக்கும் இரவு ஒன்பதுக்கும் ஒருவர் மேலே ஏறி, நான்கு திசைக்கும் நான்கு முறை டிரம்பெட் வாசிக்கிறார். முந்நூறு வருடத்துக்கு மேலான வழக்கம். முதலில் நமக்கு எதிர்ப்பக்கம் வாசித்தபோது லேசாகத்தான் கேட்டது. அப்புறம் எங்கள் பக்கத்து ஜன்னலுக்கு வந்தார். சைக்கிளில் போன ஒருவர் இறங்கி, காலை ஊன்றி நின்று, முடியும் வரை கேட்டுவிட்டுப் போனார்.

அங்கிருந்து நடந்தே பிளான்டன் உன் புளோமன் பூங்கா. பெயருக்கு அந்த ஊர்ப் பேச்சு மொழியில் ‘செடிகளும் பூக்களும்’ என்று பொருள். கோடையில் இரவு பத்து மணிக்கு ஏரியில் நீரூற்று வண்ண விளக்கோடு இசைக்கு ஆடுகிறது. பதிவு செய்து ஓடவிடுவது இல்லை. தண்ணீருக்கு ஒருவர், விளக்குக்கு ஒருவர் என்று உட்கார்ந்து, வாத்தியம் வாசிப்பதுபோல் அங்கேயே இயக்குகிறார்கள். புல்லில் குடும்பம் குடும்பமாகப் போர்வை விரித்து உட்கார்ந்திருந்தார்கள். கட்டணம் இல்லை.

இரண்டாம் நாள், வெள்ளி

இன்றைய நாளைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் எனக்குப் போதாது.

காலையில் லாண்டுங்ஸ்ப்ரூக்கன் போனேன். ஆற்றின் மேல் மிதக்கும் நீளமான படகுத்துறை, கிட்டத்தட்ட 700 மீட்டர். கரையிலிருந்து அதற்கு இறங்கச் சிறு பாலங்கள் இருக்கின்றன. காலையில் நான் இறங்கியபோது பாலம் நல்ல சரிவாக இருந்தது, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். மாலையில் அதே பாலம் ஏறக்குறையச் சமதளம். கடல் இங்கிருந்து 100 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி இருக்கிறது. ஆனாலும் ஓதம் இவ்வளவு தூரம் ஏறி வருகிறது. தினமும் இரண்டு முறை ஆறு மூன்று மீட்டருக்கு மேல் ஏறி இறங்குகிறது. மாக்டபுர்க்கில் நான் பார்க்கும் எல்பேக்கு இது தெரியவே தெரியாது.

துறையில் இறங்கியதுமே துறைமுகச் சுற்றுலாப் படகுக்காரர்கள் கூவி அழைப்பார்கள். 20 யூரோவுக்கு மேல் ஆகும். அவர்களைக் கடந்து மூன்றாம் எண் பாலத்துக்குப் போய், 62 என்று எழுதிய படகில் ஏறுங்கள். அது பஸ் மாதிரி. கால் மணிக்கு ஒன்று, நகரப் போக்குவரத்து டிக்கெட்டே போதும். மாத டிக்கெட் இல்லாதவர்கள் நாள் டிக்கெட் வாங்கலாம். காலை ஒன்பதுக்கு மேல் செல்லும் நாள் டிக்கெட் விலை குறைவு, ஐந்து பேர் சேர்ந்தால் குழு டிக்கெட் இன்னும் மலிவு.

மேல்தளத்தில் உட்கார்ந்தேன். ஜூன் மாதத்திலும் காற்று காதை அறுக்கிறது, ஒரு ஜாக்கெட் கட்டாயம். வலது பக்கம் மீன் சந்தை, பழைய கிடங்குகள். இடது பக்கம் மிதக்கும் கப்பல் பழுதுத் துறைகள். ஒரு முழுக் கப்பலைத் தண்ணீருக்கு மேலே தூக்கி வைத்து அடிப்பாகத்துக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருந்தார்கள். என் பக்கத்தில் மதிய உணவுப் பையோடு வேலைக்குப் போகிறவர்கள். அரை மணிக்குள் ஃபிங்கன்வெர்டர் வந்துவிடுகிறது. விமானம் செய்யும் ஏர்பஸ் ஆலை அந்தப் பக்கம்தான். இறங்கி, ஒரு பேக்கரியில் ஃபிரான்ஸ்ப்ரோட்சன் வாங்கினேன். பட்டையும் வெண்ணெயும் சர்க்கரையும் சேர்த்துச் சுருட்டி அழுத்திச் சுட்ட ரொட்டி, ஹாம்பர்க்கின் சொந்தப் பண்டம், 2 யூரோ சொச்சம். நல்ல பசிக்கு ஒன்று போதும்.

திரும்பும்போது நோய்மூலன் துறையில் இறங்கி ஓவல்கோனெ கடற்கரைக்கு நடந்தேன். கடற்கரை என்கிறேனே தவிர அது ஆற்று மணல்தான். ஆனால் அலை வருகிறது, சிப்பி கிடக்கிறது. பழைய மாலுமிகளின் சின்னச் சின்ன வீடுகள் கரையை ஒட்டி வரிசையாக நிற்கின்றன. மணலில் ஒரு பாறாங்கல், 217 டன். பனியுகத்தில் பனிப்பாறை சுவீடனிலிருந்து இழுத்து வந்தது. 1999இல் ஆற்றை ஆழப்படுத்தும்போது கிடைத்தது. ‘பழைய சுவீடன்காரர்’ என்று பெயர் வைத்து, அடுத்த வருடம் குடியுரிமையும் கொடுத்திருக்கிறார்கள். குழந்தைகள் அதன்மேல் ஏறப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நேர் எதிர்க்கரையில் கண்டெய்னர் முனையம். 400 மீட்டர் நீளமுள்ள கப்பல் ஒன்று கட்டியிருந்தது. பாரந்தூக்கிகள் ஒவ்வொரு பெட்டியாக எடுத்து வைக்கிற சத்தம், அந்த இரும்பு ‘டங்’, ஆற்றைத் தாண்டித் தெளிவாகக் கேட்டது. அப்பாவுக்கு வீடியோ அழைப்பு போட்டேன்.

“ஏம்மா, உள்ளே விட்டுட்டாங்களா?”

“இல்லப்பா, நான் வெளியேதான் இருக்கேன். மணல்ல உட்காந்திருக்கேன்.”

“வெளியேயா? பாஸ் கேக்கலையா?”

“இங்க கேட் எதுவுமே இல்லப்பா.”

கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டே இருந்தார். சின்ன வயதில் நான் அவர் வேலை செய்த கப்பல்களைப் பார்த்ததெல்லாம் தூரத்தில் ஒரு கோடாகத்தான். முனையத்துக்கு உள்ளே போக இங்கேயும் பாஸ் வேண்டும்தான். ஆனால் எதிரே மணலில் உட்கார்ந்து நாள் முழுக்கப் பார்க்கலாம், யாரும் எழுந்திரு என்று சொல்லமாட்டார்கள்.

மாலையில் டாக்லாண்ட் என்ற கட்டடம். கப்பல் முகப்பு மாதிரி ஆற்றின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் கண்ணாடி அலுவலகம். வெளியே உள்ள படிக்கட்டில் ஏறி மாடிவரை யாரும் போகலாம்.

கடைசியாகப் பழைய எல்பே சுரங்கம். 1911இல் திறந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் கப்பல் கட்டும் தளங்கள், இந்தப் பக்கம் தொழிலாளர் வீடுகள். குளிர்காலத்தில் பனியிலும் மூடுபனியிலும் படகுகள் நின்றுவிடும். தினமும் ஆயிரக்கணக்கானவர்கள் வேலைக்குப் போய் வர வேண்டும். அதற்காக ஆற்றுக்கு அடியில், 24 மீட்டர் ஆழத்தில், 426 மீட்டர் நீளத்துக்கு இரண்டு குழாய்ப் பாதைகளைத் தோண்டினார்கள். தண்ணீர் உள்ளே வராமலிருக்க அழுத்தக் காற்றை அடைத்துக்கொண்டு வேலை செய்ததில், பலருக்கு முத்துக்குளிப்பவர்களுக்கு வருவது மாதிரியான நோய் வந்தது. எங்கள் ஊரில் சங்கு குளிப்பவர்கள் சொல்லும் மூட்டுவலிக் கதைகள் நினைவுக்கு வந்தன. சுவரில் மங்கலான வெள்ளை ஓடுகள், நடுநடுவே மீன், நண்டு, ஒரு பழைய பூட்ஸைச் சுற்றி எலிகள் என்று புடைப்புச் சித்திரங்கள். வேலைக்குப் போகிறவன் நடக்கிற வழிக்கு இவ்வளவு அழகு செய்து வைத்திருக்கிறார்களே என்று ஒவ்வொன்றையும் நின்று பார்த்தேன். நடந்து போகிறவர்களுக்குக் கட்டணம் இல்லை.

மறுகரையில் மேலே ஏறினால் ஊர் முழுவதும் தெரிகிறது. மிகெல் கோபுரம், படகுத்துறை, எல்ப்ஃபில்ஹார்மோனி இசை அரங்கத்தின் கண்ணாடி அலை. இந்த ஊரைப் பார்க்கச் சிறந்த இடங்கள் எல்லாம் தொழிலாளி வேலைக்குப் போன வழிகளாகவே இருக்கின்றன: படகு, சுரங்கம், கரை. அந்தக் கட்டணத்திலேயே நமக்கும் கிடைக்கின்றன.

இன்றைய செலவு 11 யூரோ.

மூன்றாம் நாள், சனி

மழை. இங்கே இதற்கு ‘ஷீட்வெட்டர்’ என்று தனிச் சொல்லே வைத்திருக்கிறார்கள். காலையிலிருந்து இரவு வரை எந்த நேரமும் ‘மோயின்’ என்று ஒரே வணக்கம். மழையிலும் அதே மோயின்தான்.

நகர மன்றத்தின் முன்கூடத்துக்குப் போக டிக்கெட் வேண்டாம். எனக்குப் பிடித்தது உள்முற்றத்தில் இருக்கும் நீரூற்று. உச்சியில் ஆரோக்கியத்தின் தேவதை ஹைஜியா. 1892 காலராவின் நினைவாக வைத்தது. அந்த வருடம் ஹாம்பர்க்கில் 8,600 பேர் இறந்தார்கள். எல்பே தண்ணீரை வடிகட்டாமல் குழாயில் விட்டதுதான் காரணம். ஒட்டியே இருந்த அல்டோனா அப்போது தனி ஊர். அங்கே மணலில் வடிகட்டினார்கள், அதனால் பெருமளவு தப்பித்தது. இன்று இந்த ஊர்க் குழாயில் பாட்டிலை நீட்டி நிரப்பிக் குடிக்கிறேன், ஐந்து நாளும் தண்ணீருக்கு ஒரு காசு செலவில்லை. அந்த நீரூற்றின் முன்னால் மழையில் கொஞ்ச நேரம் நின்றேன்.

பாட்டில் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். குப்பைத் தொட்டிகளுக்குள் போடாமல், பக்கத்தில் தரையில் காலி பாட்டில்களை நிறுத்தி வைக்கிறார்கள். கேனுக்கு 25 சென்ட், பீர் பாட்டிலுக்கு 8 சென்ட் கடையில் திரும்பக் கிடைக்கும். அதைப் பொறுக்கி வாழ்கிறவர்கள் தொட்டிக்குள் கைவிட வேண்டாமே என்பதற்காக. நானும் அப்படியே வைத்தேன்.

செயின்ட் நிகோலாய் தேவாலயத்தில் கோபுரமும் கொஞ்சம் சுவரும்தான் மிச்சம். 1874 முதல் 1876 வரை உலகிலேயே உயரமான கட்டடம் அது, 147 மீட்டர். 1943 கோடையில் நேச நாட்டு விமானங்கள் குண்டு போட்டு நகரத்தை எரித்தபோது பல்லாயிரம் பேர் மாண்டார்கள். அருங்காட்சியகத்துக்குக் கட்டணம் உண்டு, இடிபாட்டுக்குள் நடந்து பார்க்கக் கட்டணம் இல்லை. கூரையில்லாத இடத்தில் மழை நேராகத் தரையில் விழுந்துகொண்டிருந்தது.

பிறகு சிலிஹவுஸ். 1924இல் முடிந்தது, 48 லட்சம் செங்கல். சிலி நாட்டு வெடியுப்பு வியாபாரத்தில் சம்பாதித்த பணத்தில் கட்டியது, அதனால்தான் அந்தப் பெயர். கிழக்கு முனையைக் கீழே நின்று பார்த்தால் கப்பல் மூக்கு நம்மேல் வருவதுபோல் இருக்கிறது.

ஷ்பைக்கர்ஷ்டாட் என்ற கிடங்கு நகரம் இங்கிருந்து ஐந்து நிமிடம். காப்பி, தேயிலை, மசாலா, கம்பளம் எல்லாம் அடுக்கிய சிவப்புச் செங்கல் கிடங்குகள், நடுவில் கால்வாய்கள், உச்சியில் மூட்டை தூக்கும் கப்பிகள். 2015இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. படம் எடுக்கும் எல்லோரும் போகன்மூலன் பாலத்தில் நிற்கிறார்கள், நானும் நின்றேன். ஆனால் இதைக் கட்டுவதற்காக 1880களில் இங்கே இருந்த வீடுகளை இடித்து, சுமார் 20,000 பேரை வெளியேற்றினார்கள் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். துறைமுகத்தில் வேலை செய்தவர்கள், அவர்கள் வேலை செய்த இடத்தை விட்டே தள்ளிப் போக வேண்டியிருந்தது. இந்தக் கால்வாய்களுக்குள் பொதுப் படகு வராது. காசு கொடுத்துச் சுற்றிப் பார்ப்பதென்றால் இங்கே வரும் தாழ்வான சிறு படகுக்குக் கொடுக்கலாம். தண்ணீர் வற்றியிருக்கும் நேரத்தில் அவையும் உள்ளே நுழையாது, கேட்டுவிட்டு ஏறுங்கள். நான் நடந்தே பார்த்தேன்.

எல்ப்ஃபில்ஹார்மோனி இசை அரங்கம் பழைய சரக்குக் கிடங்கின் தலையில் கண்ணாடியால் கட்டியது. 2017இல் திறந்தது, ஆன செலவு 80 கோடி யூரோவுக்கு மேல். 37 மீட்டர் உயரத்தில் உள்ள பொதுத் தளத்துக்கு நான் போனபோது நுழைவு இலவசம், வாசலில் சீட்டு தந்தார்கள். முன்கூட்டி இணையத்தில் எடுத்தால்தான் பதிவுக் கட்டணம் இருந்தது. மேலே போகும் நகரும் படி வளைவாக இருப்பதால் முடிவு கண்ணுக்குத் தெரியாது. மேலே சுற்றிலும் வெளிமாடம். மழை விட்ட அந்த ஐந்து நிமிடத்தில் துறைமுகம் முழுவதும் பளிச்சென்று தெரிந்தது.

நாளை ஞாயிறு, கடைகள் மூடியிருக்கும். ரயில் நிலையத்தில் மட்டும் திறந்திருக்கும், விலை அதிகம். இன்றே ரொட்டி, சீஸ், வெள்ளரிக்காய் வாங்கி வைத்துவிட்டேன்.

நான்காம் நாள், ஞாயிறு

காலை நாலரைக்கு எழுந்தேன். கோடையில் மீன் சந்தை ஐந்துக்குத் தொடங்கி ஒன்பதரைக்கு முடிந்துவிடுகிறது. 1703 முதல் நடக்கும் சந்தை. பூசை நேரத்துக்கு முன் வியாபாரம் முடிய வேண்டும் என்பதற்காக அப்போது வைத்த நேரம். வார இறுதியில் இரவு முழுவதும் ரயில் ஓடுவதால் போவது எளிது.

சத்தம்தான் முதலில். விலாங்குமீன் விற்கிறவர் வண்டிமேல் ஏறி நின்று கூவுகிறார், பையில் ஒன்றைப் போட்டு, இன்னொன்றைப் போட்டு, இன்னும் ஒன்றையும் போட்டு ஒரே விலை சொல்கிறார். எங்கள் ஊர் ஏலக்கூடத்தில் கேட்ட அதே ராகம். 1896இல் கட்டிய மீன் ஏலக்கூடத்தில் இப்போது ஏலம் இல்லை, பாட்டுக் கச்சேரி நடக்கிறது. இரவெல்லாம் ஆடிவிட்டு வந்தவர்களும், தூங்கி எழுந்து கூடையோடு வந்த பாட்டிகளும் ஒரே கூடத்தில்.

ஊறவைத்த மத்தி மாதிரியான ஹெரிங் மீனை வெங்காயத்தோடு ரொட்டியில் வைத்த ஃபிஷ்ப்ரோட்சன், 5 யூரோ. புளிப்பு எனக்குப் பிடித்தது. ஒன்பது மணிக்கு மேல் பழக்காரர்கள் கூடையோடு தள்ளிவிடுகிறார்கள். 10 யூரோவுக்கு அன்னாசி, மாம்பழம், வாழை, திராட்சை நிறைந்த கூடை. அறைத்தோழிகள் மூன்று பேரோடு சேர்ந்து வாங்கினேன், ஆளுக்கு 2.50.

சந்தை நடக்கும் தளம் தாழ்வானது, புயல் வெள்ளத்தில் தண்ணீர் ஏறிவிடும். 1962 பிப்ரவரியில் கரைகள் உடைந்து ஹாம்பர்க்கில் 315 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் வில்ஹெல்ம்ஸ்புர்க் தீவில். அதன் பிறகுதான் கரைகளை உயர்த்தினார்கள்.

மதியம் ரயிலில் வேடல் போய், அங்கிருந்து ஆற்றங்கரைக்கு நடந்தேன். வில்கொம் ஹோஃப்ட் என்ற கப்பல் வரவேற்பு நிலையம் 1952 முதல் இருக்கிறது. பெரிய கப்பல் ஏதாவது கடந்தால் கொடியைத் தாழ்த்தி உயர்த்தி, அந்தக் கப்பல் எந்த நாட்டுக் கொடியைப் பறக்கவிட்டிருக்கிறதோ அந்த நாட்டின் தேசிய கீதத்தை ஒலிபெருக்கியில் போடுகிறார்கள். கப்பலின் நீளம், எங்கிருந்து வருகிறது என்று விவரமும் சொல்கிறார்கள். கரையில் நின்று கேட்கக் காசு இல்லை.

ஒரு மணி நேரம் ஒன்றும் வரவில்லை. பக்கத்துப் பெஞ்சில் இருந்த பெரியவர் என் போன் பேச்சைக் கேட்டுவிட்டுத் திரும்பினார்.

“பிள்ளை, நீங்கள் தமிழோ?”

“ஆமாங்க ஐயா, தூத்துக்குடி.”

“நாங்கள் யாழ்ப்பாணம். தொண்ணூறாம் ஆண்டு வந்தனான். இருங்கோ, தண்ணி ஏற வெளிக்கிட்டாத்தான் பெரிய கப்பல் வரும்.”

முப்பது வருடம் உணவகச் சமையலறையில் நின்று வேலை செய்தவராம். இப்போது ஓய்வு, ஞாயிற்றுக்கிழமை இங்கே வந்துவிடுவாராம். டப்பாவைத் திறந்து வடை கொடுத்தார். நான் மாம்பழத்தைக் கொடுத்தேன். அவர் சொன்னபடியே கொஞ்ச நேரத்தில் லைபீரியக் கொடியோடு ஒரு கண்டெய்னர் கப்பல் வளைவில் தலைகாட்டியது. பாட்டு தொடங்கியதும் பெரியவர் எழுந்து நின்றார், நானும் நின்றேன். மேலே, மிக உயரத்தில், ஆரஞ்சு உடுப்பில் ஒரு மாலுமி கையசைத்தார். கரையில் இருந்த எல்லோரும் கையசைத்தோம்.

“ஒவ்வொரு கப்பலுக்கும் எழும்புவீங்களா ஐயா?”

“ஓம். ஆரோ ஒராளின்ரை நாட்டுப் பாட்டுத்தானே.”

ஐந்தாம் நாள், திங்கள்

காலையில் வெளி ஆல்ஸ்டர் ஏரியைச் சுற்றி ஒரு நடை. முழுச் சுற்று ஏழு கிலோமீட்டருக்கு மேல், நான் பாதிதான் போனேன். கால் வலி.

டாம்டோர் நிலையத்துக்கு அருகில் பல்கலைக்கழகம். இங்கே தமிழ் கற்பிக்கிறார்கள், பக்கத்து மாநில நூலகத்தில் தமிழ் ஓலைச்சுவடிகள் இருக்கின்றன. சுவடிகளைப் பார்க்க முன்னேற்பாட்டோடு வர வேண்டும், அடுத்த முறை வருவேன். நூலக வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு ரயிலுக்குப் புறப்பட்டேன்.

மொத்தச் செலவு: தங்குவதற்கு 124, சாப்பாட்டுக்கும் மற்றதற்கும் 57. ஆக 181 யூரோ. அரிசி ஒரு கிலோவும் அப்படியே திரும்பி வருகிறது.

ரயில் ஆற்றின் இரண்டு கிளைகளையும் தாண்டியபோது நீர் வற்றி, கரையில் சேறு மினுங்கியது. இதை எழுதும்போது யூல்ட்சனில் அடுத்த ரயிலுக்காக உட்கார்ந்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை அனுப்பிய கப்பல் படத்தை அப்பா பெரிதாக்கிப் பார்த்து, மேல்தளத்தில் பெட்டி எத்தனை அடுக்கு என்று எண்ணி இப்போதுதான் அனுப்பியிருக்கிறார். ஒன்பது. ஓரத்தில் ஒரு பெட்டியின் பூட்டு சரியாக விழவில்லை போலிருக்கிறது, யாரிடமாவது சொன்னாயா என்றும் கேட்டிருக்கிறார்.